அடுத்த கீமோவுக்கு நம்மள கொண்டு சேர்க்கிறது எது

எனக்கு மார்புல கேன்சர்னு சவுத் ஆப்பிரிக்காவுல டர்பன் பக்கம் நாங்க இருக்கிற சேட்ஸ்வொர்த்துல நாலு வீட்டுக்கு தெரிஞ்சதும் ஒரே வாரத்துல எங்க கிச்சன் டேபிள் நிறைஞ்சு போச்சு. பெரியம்மா விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டுக்கு போய் கேன்சர் புஷ்னு ஒரு செடியோட காஞ்ச இலை ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்தாங்க, மாமா பையன் சின்ன பாட்டில்ல டாகா எண்ணெய், அதாவது கஞ்சா எண்ணெய், கொண்டு வந்தான், பக்கத்து வீட்டு ஆன்ட்டி மஞ்சள் கேப்ஸ்யூல், இன்னொருத்தங்க ஆப்பிரிக்கன் பொட்டேட்டோன்னு ஒரு மருந்துக் கிழங்கு, மூணு கோயில் விபூதி, சர்ச்சுக்கு போற ஃப்ரெண்ட் ஒருத்தி ஜெபம் பண்ணின எண்ணெய். எல்லாம் பாசத்துல வந்தது, எதையும் தூக்கிப் போட மனசு வரல, ஆனா எதை சாப்பிடுறது எதை விடுறதுன்னு தெரியாம ராத்திரி அந்த டேபிள் முன்னாடி உக்காந்து அழுதேன்.

அடுத்த தடவை கீமோ ரூமுக்கு போறப்ப எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு போய் அங்க இருந்த சிஸ்டர்கிட்ட காட்டினேன். அவங்க திட்டல, சிரிக்கல, ஒண்ணு ஒண்ணா எடுத்து பாத்துட்டு சொன்னாங்க, "எது வந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கம்மா, இது உங்கள அடுத்த கீமோவுக்கு கொண்டு வந்து சேர்க்குமா, இல்ல வரவிடாம பண்ணுமா?" சாப்பாடு, நடை, தூக்கம், சாமி, சொந்தக்காரங்க எல்லாத்தையும் அதுக்கப்புறம் நான் இந்தக் கேள்வியிலதான் வச்சு பாத்தேன். இது 2019ல. ஆபரேஷன், 16 கீமோ, 15 ரேடியேஷன், இப்ப கேன்சர் திரும்ப வராம இருக்க ஹார்மோன் மாத்திரை. நான் டாக்டர் இல்ல, 54 வயசுல இந்த வழியா நடந்துட்டு வந்த ஒருத்தி, அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க பல பேர் கூட ஆஸ்பத்திரிக்கு துணைக்கு போனவ, அவ்வளவுதான். உங்க டாக்டர் வேற மாதிரி சொன்னா அவங்க சொல்றதத்தான் கேக்கணும்.

முதல்ல அந்த டேபிள்ல இருந்த பாட்டில்கள பத்தி சொல்லி முடிச்சிடறேன், ஏன்னா நம்ம ஆளுங்க ரொம்ப பேர் தடுமாறுறது இங்கதான். கேன்சர் புஷ்ங்கிறது செவப்பா அழகா பூ பூக்கிற நம்ம சவுத் ஆப்பிரிக்கா செடி, சதர்லாண்டியான்னும் சொல்லுவாங்க, ஆப்ரிகான்ஸ்ல கான்கர்போஸ், கோய், சான் மக்கள் காலத்துல இருந்து பல வியாதிக்கு கஷாயமா குடிச்சது. பேர்லயே கேன்சர் இருக்கிறதால அது கேன்சர குணப்படுத்தும்னு நம்பிடறோம். மனுசங்களுக்கு குடுத்து பாத்து கேன்சர் போச்சுன்னு நிரூபிச்சது கிடையாது. அத விட முக்கியம், கீமோ மருந்த உடைக்கிற அதே ஈரல்தான் இந்த கஷாயத்தையும் உடைக்கணும், அதனால மருந்து ஒடம்புல ஏறுற அளவு கூடலாம் குறையலாம், ரெண்டுமே ஆபத்து. ஆப்பிரிக்கன் பொட்டேட்டோவுக்கும் இதே பதில்தான். டாகா எண்ணெய் விஷயத்துல 2018ல கோர்ட்டு தீர்ப்பு வந்தப்புறம் வீட்டுல வச்சுக்கலாம்னு ஆயிடுச்சு, ஆனா சட்டம் விட்டுட்டா அது கேன்சர் மருந்துன்னு அர்த்தம் இல்ல. வாந்திக்கு சில பேருக்கு அது ஒதவுதுன்னு டாக்டர்களே சொல்லுவாங்க, ஆனா எவ்வளவு பலம்னே தெரியாத பாட்டில மறைச்சு வச்சு குடிக்காதீங்க, கேட்டுட்டு செய்யுங்க. மஞ்சள் கறியில போடுற அளவு தாராளமா போடுங்க, கேப்ஸ்யூல்ல வர்றது அது இல்ல, அளவு பல மடங்கு, ஈரலையும் ரத்தம் உறையறதையும் பாதிக்கலாம்.

இதுல ஒரு கணக்கு எனக்கு தூக்கத்தையே கெடுத்துச்சு. அமெரிக்காவுல யேல் யூனிவர்சிட்டி டாக்டர்ங்க 2018ல வெளியிட்டது, குணப்படுத்தக்கூடிய நிலையில கேன்சர் இருந்தும் ஆஸ்பத்திரி வைத்தியத்த வேண்டாம்னுட்டு மாற்று வைத்தியம் மட்டும் எடுத்த 281 பேர ஆஸ்பத்திரி வைத்தியம் எடுத்தவங்களோட ஒப்பிட்டு பாத்தாங்க. மாற்று வைத்தியத்துக்கு போனவங்க சாகிற வாய்ப்பு ரெண்டரை மடங்கு, மார்பு கேன்சர்ல அஞ்சு மடங்குக்கும் மேல. அதனால கஷாயம் குடிக்கணும்னு ஆசை இருந்தா பாக்கெட்டோட எடுத்துட்டு போய் ஆஸ்பத்திரி ஃபார்மசிஸ்ட்கிட்ட காட்டுங்க. இத குடி, கீமோவ நிறுத்துன்னு யாராவது சொன்னா அவங்க எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் அங்கேயே எழுந்து வந்துடுங்க.

சாப்பாடு

கேன்சர்காரங்களுக்கு இனிப்பு விஷம், சக்கரைய நிறுத்துனா கட்டி பட்டினியா செத்துரும்னு உங்ககிட்டயும் யாராவது சொல்லியிருப்பாங்க. கேன்சர் செல் சக்கரைய வேகமா எடுத்துக்குதுங்கிறது உண்மைதான், ஜெர்மனியில வார்பர்க்னு ஒருத்தர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சார். ஆனா நீங்க சாதத்த நிறுத்துனா ஒடம்பு தசைய கரைச்சு சக்கரை பண்ணிக்கும், கட்டிக்கு கிடைக்கிறது கிடைச்சுட்டுத்தான் இருக்கும், நீங்கதான் எலும்பும் தோலுமா ஆவீங்க. எடை ரொம்ப குறைஞ்சா டாக்டர் டோஸ குறைக்கணும், இல்ல கீமோவ தள்ளிப் போடணும். கேள்விய ஞாபகம் வச்சுக்கோங்க, அடுத்த கீமோவுக்கு கொண்டு சேர்க்குமா. பட்டினி சேர்க்காது. சக்கரை வியாதி இருந்தா அது தனி கதை, நம்ம ஆளுங்களுக்கு நிறைய இருக்கு, கீமோவோட குடுக்கிற ஸ்டீராய்டு சுகர ஏத்திவிடும், அதுக்கு டாக்டர்கிட்ட கேட்டுத்தான் ஆகணும்.

நிஜமா பாக்க வேண்டியது புரோட்டீன். சிகிச்சை நேரத்துல ஒடம்பு எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் வரைக்கும்னு சொல்றாங்க, அதாவது 60 கிலோ பொம்பளைக்கு 72ல இருந்து 90 கிராம். ஒரு முட்டையில கிட்டத்தட்ட 6 கிராம்தான் இருக்கு, ஒரு கப் வெந்த பருப்புல 15க்கு மேல, அதனால ஒரே வேளையில முடியாது, நாள் பூரா பிரிச்சு சாப்பிடணும். எனக்கு காலையில மீலி மீல் கஞ்சியில, அதாவது மக்காச்சோள மாவுக் கஞ்சியில, பால் பவுடர் ரெண்டு கரண்டி போட்டு கலக்கி, பத்து மணிக்கு ஒரு முட்டை, மத்தியானம் டாலும் கொஞ்சம் சாதமும், சாயங்காலம் பாக்கெட் மாஸ், தயிர் மாதிரி புளிச்ச பால், ஒரு டம்ளர், ராத்திரி சுகர் பீன்ஸ் கறியோ டின் ஃபிஷ்ஷோ. ரெண்டு ரெண்டு வாய்தான் எறங்கும், அதனால தட்ட சின்னதாக்கிட்டேன், பெரிய தட்டுல குறைச்சலா இருந்தா பாக்கவே சோர்வா இருக்கு.

தாளிக்கிற வாசனை வந்தா வாந்தி வரும். எங்க வீட்டுல பொண்ணு பக்கத்து வீட்டுல சமைச்சு ஆறவச்சு கொண்டு வருவா, ஆறின சாப்பாட்டுக்கு வாசனை கம்மி. வாய்ல இரும்பு மாதிரி ருசி இருந்தா ஸ்டீல் கரண்டிய விட்டுட்டு பிளாஸ்டிக் கரண்டி. வாய் வெந்து போச்சுன்னா மாங்கா ஊறுகாயும் மிளகாயும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கும், டர்பன்காரங்களுக்கு காரம் இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்ல. ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் பைகார்ப், அதாவது சமையல் சோடா, போட்டு ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை கொப்புளிச்சா வாய் சுத்தமா இருக்கும், எரிச்சல் கொஞ்சம் அடங்கும். ஆக்சாலிபிளாட்டின்னு ஒரு மருந்து இருக்கு, குடல் கேன்சருக்கு குடுப்பாங்க, அது ஏறுற நாள்கள்ல ஃப்ரிட்ஜ் தண்ணி குடிச்சா தொண்டை இறுகுற மாதிரி இருக்கும், விரல் ஊசி குத்துற மாதிரி இருக்கும், அவங்க எல்லாத்தையும் வெதுவெதுன்னுதான் எடுத்துக்கணும்.

கீமோ போட்டு ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் வரைக்கும் ரத்தத்துல கிருமிய எதிர்க்கிற வெள்ளை அணு கீழ எறங்கும். பீச்ல குச்சியில குத்தி மசாலா தூவி குடுக்கிற அன்னாசி, ரோட்டுல வெட்டி வச்ச பழம், நேத்து வச்ச சாதம் எல்லாம் அப்ப வேண்டாம். ஒடம்பு சூடு 38 டிகிரி தொட்டா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு கிளம்பணும், பனாடோ, அதாவது பாராசிட்டமால் மாத்திரை, போட்டுட்டு காலையில பாக்கலாம்னு படுத்துடாதீங்க, பனாடோ ஜுரத்த மறைச்சிரும், உள்ள கிருமி பாட்டுக்கு ஏறிட்டு இருக்கும். இந்த பத்தி முழுசும் மறந்தாலும் இந்த ஒரு வரிய ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க. வீட்டுல ஒரு தெர்மாமீட்டர் கண்டிப்பா வேணும்.

நடக்கிறது

நம்ம வீடுகள்ல சீக்குன்னா படுக்கைதான். எங்க ஆயா காலத்துல இருந்து அப்படித்தான், சீக்காளி எழுந்திரிச்சா திட்டுவாங்க. கீமோ சோர்வு வேற மாதிரி, படுத்தா தீராது, படுக்க படுக்க கூடும். இத நான் நம்பல, ரெண்டாவது கீமோவுக்கு அப்புறம் பத்து நாள் படுத்தே கெடந்து பாத்ரூம் போறதுக்கே மூச்சு வாங்கின பிறகுதான் நம்பினேன்.

முதல் நாள் கேட் வரைக்கும் போயிட்டு வந்தேன், ரெண்டு நிமிஷம். அப்புறம் பக்கத்து வீட்டு கேட். சேட்ஸ்வொர்த் ரோடு எல்லாம் மேடு பள்ளம், அதனால மேட்டுல ஏறாம சமமா இருக்கிற பக்கமா மட்டும் நடந்தேன், ஞாயித்துக்கிழமை காலையில மகன் கடலோர நடைபாதைக்கு, பீச் ப்ரோமனேடுக்கு, கூட்டிட்டு போவான், அங்க தரை சமம், காத்து வரும், நாலடிக்கு ஒரு பெஞ்சு இருக்கு. டாக்டர்ங்க சொல்ற அளவு வாரத்துல மூணு நாள் அரை மணி நேரம் கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி நடை, ரெண்டு நாள் தசைக்கு பயிற்சி, அது சோர்வையும் மனசு சோர்வையும் குறைக்குதுன்னு நல்லா நிரூபிச்சிருக்காங்க. தசைக்கு நான் பேக்ட் பீன்ஸ் டின் ரெண்டு கையில வச்சு தூக்கினேன், நாற்காலியில உக்காந்து எழுந்தேன், வேற எதுவும் வாங்கல. மார்பு ஆபரேஷன் பண்ணின பக்கம் கை வீங்கிடும்னு பயந்து அசைக்காம வச்சிருக்காதீங்க, பிசியோகிட்ட கேட்டு மெதுவா ஆரம்பிச்சா கைக்கு நல்லதுதான். எலும்புல பரவியிருந்தாலோ ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட் கம்மியா இருந்தாலோ எது பண்ணலாம்னு டாக்டர் சொல்லட்டும்.

இத்தனை நாள் உடற்பயிற்சி நல்லதுன்னு சொல்லிட்டு இருந்தாங்களே தவிர ஆயுசு கூடுமான்னு உறுதியா சொல்ல முடியல. 2025ல ஒரு பெரிய சோதனையோட முடிவு வந்துச்சு, கனடாவும் ஆஸ்திரேலியாவும் முன்னாடி நின்னு பல நாட்டுல நடத்தினது, பெருங்குடல் கேன்சருக்கு ஆபரேஷனும் கீமோவும் முடிஞ்ச 889 பேர். பாதி பேருக்கு மூணு வருஷம் ஆள் வச்சு பயிற்சி, மீதி பேருக்கு புத்தகம் மட்டும். எட்டு வருஷம் கழிச்சு பயிற்சி பண்ணினவங்கள்ல 100க்கு 90 பேர் உயிரோட, மத்தவங்கள்ல 83. கவனிங்க, கீமோவுக்கு பதிலா நடக்கல, கீமோ முடிச்சிட்டு நடந்தாங்க. ஒரு மருந்து இந்த வித்தியாசத்த காட்டியிருந்தா என்ன விலை சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சு பாக்கிறேன், ப்ரோமனேடுல நடக்க காசு கேக்கல யாரும்.

சிகரெட்ட பத்தி நீட்ட மாட்டேன். இப்பவே வந்துருச்சே இனிமே விட்டு என்ன ஆகப்போகுதுன்னு கேக்கிற ஆம்பளைங்களுக்கு, விட்டா ரேடியேஷன் நல்லா வேலை செய்யும், ஆபரேஷன் புண்ணு சீக்கிரம் ஆறும், இன்னொரு கேன்சர் வர்ற வாய்ப்பு குறையும். குடியும் கேன்சருக்கு ஒரு காரணம்தான். வீட்டுல ஒருத்தருக்கு வந்தா மத்தவங்களும் கூட சேர்ந்து விடுங்க, ஒருத்தர் முன்னாடி ஊதிட்டு அவர மட்டும் விடச்சொல்றது கொடுமை.

தூக்கம். கீமோவோட குடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரை ராத்திரி முழிக்க வைக்கும், காலையில போடலாமான்னு கேளுங்க. மத்தியானம் அரை மணிக்கு மேல தூங்காதீங்க. தூக்கமே வரலன்னா எழுந்து காஃபின் இல்லாத ரோய்பாஸ் மூலிகை டீ போட்டு வேற ரூம்ல உக்காருங்க, படுக்கையில புரண்டுட்டே இருந்தா படுக்கைய பாத்தாலே பயம் வந்துரும்.

மனசு

"பாசிடிவ்வா இரு, நீ மனசு வச்சா கேன்சர ஜெயிச்சிரலாம்." எத்தனை ஆன்ட்டிங்க சொன்னாங்கன்னு கணக்கு இல்ல. சொல்றவங்களுக்கு கெட்ட எண்ணம் கிடையாது. ஆனா அத கேட்டு கேட்டு நான் அழுகை வந்தா பாத்ரூம் குழாய திறந்துவிட்டுட்டு அழுவேன், அழுதா கட்டி பெருசாயிடுமோன்னு பயம். இது எவ்வளவு பெரிய தண்டனைன்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும், வியாதியும் வந்து அது நம்ம மனசு பலவீனத்தால வந்துச்சுன்னு பழியும் வந்தா ஒரு மனுசி எங்க போவா.

அதனால இத தெளிவா தெரிஞ்சுக்கோங்க. தலை, கழுத்து கேன்சர் வந்த 1093 பேர பாத்த ஆராய்ச்சி 2007ல வந்துச்சு, மனசு தெம்பா இருந்தவங்களுக்கும் சோர்ந்து இருந்தவங்களுக்கும் ஆயுசுல வித்தியாசம் இல்ல. அதுக்கு முன்னாடி 1989ல ஸ்டான்ஃபோர்டுல 86 பேர வச்சு செஞ்சதுல, குழுவா உக்காந்து மனசு விட்டு பேசின மார்பு கேன்சர் பொம்பளைங்க கூட நாள் இருந்தாங்கன்னு வந்து உலகம் பூரா பேசினாங்க. ஆனா 2001ல கனடாவுல 235 பேர வச்சு திரும்ப செஞ்சு பாத்தப்ப ஆயுசு கூடல. ஆனா வலி குறைஞ்சுச்சு, மன வேதனை குறைஞ்சுச்சு. எனக்கு அதுவே போதும்னு தோணுது. அழணும்னா அழுங்க. அழுத நாளும் மாத்திரை வேலை செய்யும்.

மனசோட வேலை வேற எடத்துல இருக்கு. மனசு முழுசா ஒடைஞ்சு போனவங்க ஆஸ்பத்திரிக்கு வர்றத விட்டுடுவாங்க, மாத்திரைய விட்டுடுவாங்க, சாப்பிட மாட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பு இல்லாம, எழுந்திரிக்கவே மனசு இல்லாம, செத்தா தேவலன்னு தோணிட்டே இருந்தா அது சோகம் இல்ல, டிப்ரஷன், அதுக்கு வைத்தியம் இருக்கு, வெக்கப்படாம டாக்டர்கிட்ட அதே வார்த்தைய சொல்லுங்க. ஒரு குறிப்பு மட்டும், டமாக்சிஃபன்னு ஒரு ஹார்மோன் மாத்திரை எடுக்கிறவங்களுக்கு சில மன அழுத்த மாத்திரை ஒத்து வராது, ஃப்ளூவாக்ஸடினும் பராக்ஸடினும் டமாக்சிஃபன் வேலைய தடுக்கும், அதனால எது குடுத்தாலும் ரெண்டு டாக்டருக்கும் ரெண்டு மருந்தும் தெரியணும். கேன்சா கேன்சர் அசோசியேஷன் 1931ல இருந்து இந்த நாட்டுல இருக்கு, அங்க பேசிப் பழகுற குழு உண்டு, கேட்டு போங்க. முதல் நாள் நான் வாயே திறக்கல, மூணாவது தடவை நிறுத்தாம பேசினேன்.

பணக் கவலையும் மனசுலதான் உக்காந்து அரிக்குது. வேலைக்கு போக முடியலன்னா அரசாங்க உதவிப்பணம் குடுக்கிற சாசாவுல தற்காலிக டிஸபிலிட்டி கிராண்ட் உண்டு, ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும், ஆஸ்பத்திரி சோஷியல் வொர்க்கர பாத்து கேளுங்க. கேக்கிறது பிச்சை இல்ல, நம்ம உரிமை.

அப்புறம் இந்த மறைக்கிற பழக்கம். நம்ம ஜனங்க கேன்சர்னு வாயால சொல்ல மாட்டாங்க, "அந்த வியாதி"ம்பாங்க. என் சித்தி ஒருத்தங்க கட்டிய ஒரு வருஷம் புடவைக்குள்ளயே மறைச்சு வச்சிருந்தாங்க, பொண்ணு கல்யாணம் நின்னு போயிடும்னு. கல்யாணம் நடந்துச்சு. பேரன் பொறக்கிறத அவங்க பாக்கல. மார்பு கேன்சர்ல 100க்கு 5ல இருந்து 10 பேருக்குத்தான் அது பரம்பரையா வர்ற ஜீனால, மீதி பெரும்பாலும் வயசு, ஹார்மோன் மாதிரி யாரும் தேர்ந்தெடுக்காத காரணங்கள். பொண்ணு கட்டுறவங்க இத தெரிஞ்சுக்கணும்னு நான் எல்லா கல்யாண வீட்டுலயும் சொல்லிட்டு இருக்கேன். மறைச்சா இன்னொரு நஷ்டமும் இருக்கு, தனியா ஆயிடுவோம். மார்பு கேன்சர் வந்த 2800 நர்ஸ்களுக்கு மேல பாத்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சி 2006ல வந்துச்சு, சொந்தமும் சிநேகிதமும் இல்லாம ஒதுங்கி இருந்தவங்கதான் அதிகமா இறந்திருக்காங்க. கார் ஓட்ட ஆள் இல்ல, மருந்து வாங்க ஆள் இல்ல, ராத்திரி ஜுரம் வந்தா கதவ தட்ட ஆள் இல்ல, காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம்.

கூட இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். "ஏதாவது வேணும்னா சொல்லு"ன்னு சொல்லாதீங்க, சீக்காளி சொல்ல மாட்டா. "செவ்வாய்க்கிழமை நான் உன்ன ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறேன், வியாழக்கிழமை டால் வச்சு கொண்டு வர்றேன்"னு சொல்லுங்க. எங்க அண்ணி வாட்ஸாப்ல ஒரு குரூப் போட்டு யாரு எந்த நாள்னு பிரிச்சு குடுத்தாங்க, என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கவேண்டியே வரல.

சாமி

நான் மாரியம்மன் கும்புட்டு வளந்தவ. மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயில் குட் ஃப்ரைடே திருவிழாவுக்கு கரும்புத் தோட்டத்துல வேலை பாத்த காலத்துல இருந்து எங்க குடும்பம் போகுது, தோட்டத்துக்காரன் லீவு குடுத்த நாள சாமிக்கு குடுத்தவங்க நம்ம பாட்டன் பாட்டி. அதனால சாமிய விட்டுட்டு சிகிச்சை எடுன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதே கேள்விய அங்கயும் கொண்டு போகணும்னு மட்டும் சொல்றேன்.

தைப்பூசத்துக்கு காவடி எடுத்து அலகு குத்துறேன்னு வேண்டிக்கிட்டவங்க இருக்காங்க. கீமோ நடக்கிறப்ப ஒடம்புல ஓட்டை போடக்கூடாது, வெள்ளை அணு கம்மியா இருக்கிறப்ப ஒரு சின்ன ஊசிக் குத்து வழியா கிருமி ரத்தத்துல ஏறிரும், பிளேட்லெட் கம்மியா இருந்தா ரத்தம் நிக்காது. தீ மிதிக்கிறதும் அதே, அதுலயும் சில கீமோ மருந்துல பாதம் மரத்துப் போகும், சுடுறதே தெரியாது. நான் எங்க கோயில் ஐயாகிட்ட அழுதுட்டே கேட்டேன், வேண்டினத செய்யலன்னா அம்மன் கோவிச்சுக்குவாளான்னு. அவர் சொன்னார், "பெத்தவ கணக்கு பாப்பாளாம்மா, ஒடம்பு தேறட்டும், வந்து பால்குடம் எடு." உங்க ஐயாகிட்டயும் கேளுங்க, பெரும்பாலும் இதத்தான் சொல்லுவாங்க. உங்களுக்காக வீட்டுல வேற யாராவது எடுத்துக்கலாம், என் மகன் எடுத்தான்.

விரதம். புரட்டாசியில கறி மீன் இல்ல, சரி, ஆனா அப்ப பருப்பு, பீன்ஸ், மாஸ், கடலை ரெண்டு மடங்கு சாப்பிடணும். ஒரு வேளை சாப்பாடு மட்டும்னு இருக்கிற விரதம் சிகிச்சை முடியிற வரைக்கும் வேண்டாம், விளக்கேத்துறதும் ஒரு விரதம்தான். போரிட்ஜ் பிரேயருக்கு, அதாவது அம்மனுக்கு கூழ் ஊத்துறதுக்கு, போனா சூடா அப்பதான் எறக்கின கூழா பாத்து வாங்குங்க, கூட்டத்துல மாஸ்க் போட்டுக்கோங்க. இங்க வேப்பிலைக்கு பதிலா சிரிங்கா இலைய கட்டுறோம், தோரணம் கட்டலாம், தலைமாட்டுல வைக்கலாம், கஷாயம் வச்சு குடிக்காதீங்க, அது வேப்பமரம் இல்ல, அதோட காய் விஷம். ரேடியேஷன் குடுக்கிற எடத்துல விபூதி, குங்குமம், ஜெபம் பண்ணின எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம், நெத்தியில வைங்க, அந்த தோல் ஏற்கனவே வெந்து போயிருக்கும், டெக்னீஷியன் போட்ட மார்க்கும் அழிஞ்சிரும்.

முடி கொட்ட ஆரம்பிச்சப்ப தலகாணி பூரா முடி. அதுக்கு முன்னாடி வாரமே கோயிலுக்கு போய் மொட்டை போட்டுட்டு வந்திருக்கலாமேன்னு தோணுச்சு, அடுத்து கீமோ ஆரம்பிச்ச ஒரு தங்கச்சிக்கு அத சொன்னேன், அவ போய் போட்டா. என் முடிய கீமோ பறிச்சுக்கறதுக்கு முன்னாடியே நானே அத அம்மனுக்கு குடுத்துட்டேன்க்கான்னு சொன்னா. கோயில்ல ஆயிரம் பொம்பளைங்க மொட்டை, யாரும் திரும்பி பாக்கல அவள. செய்யிறதா இருந்தா கீமோவுக்கு முன்னாடியே செய்யணும், புது பிளேடு, வெட்டுக்காயம் படாம, ட்ரிம்மர்னா இன்னும் நல்லது.

பிரார்த்தனை கட்டிய கரைக்குமான்னு கேட்டா அப்படி நிரூபணம் இல்ல. எனக்கு அது என்ன பண்ணுச்சுன்னு சொல்றேன். ரேடியேஷன் மெஷின்ல ஒரு கைய தலைக்கு மேல வச்சு அசையாம படுக்கணும், எல்லாரும் வெளிய போய் கதவ சாத்திடுவாங்க, அந்த கதவு சத்தம் கேட்டா நெஞ்சு படபடக்கும். ஒரு மூச்சுக்கு ஒரு ஓம் சக்தின்னு எண்ணினேன். அறுபது எழுபது எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும். எங்க கூட வந்த ஒரு முஸ்லிம் அக்கா தஸ்பீஹ் எண்ணுவாங்க, ஒரு கிறிஸ்டியன் ஆன்ட்டி ஒரே சங்கீதத்த திரும்ப திரும்ப. சாமி நம்பிக்கை இல்லாதவங்க மூச்ச மட்டும் எண்ணலாம். 15 நாளும் ஒரு நாள் தவறாம போய் படுத்தேன், அதுக்கு அந்த எண்ணிக்கைதான் துணை.

கர்மாவ பத்தி ஒண்ணு. போன ஜென்மத்து பாவம்னு ஒருத்தங்க என் வீட்டுக்கே வந்து சொன்னாங்க. மூணு வயசு குழந்தைக்கும் கேன்சர் வருது, அந்த வார்டுக்கு ஒரு தடவை போயிட்டு வந்தா அந்த வார்த்தை வாயில வராது. அப்படி சொல்றவங்கள டீ குடுத்து அனுப்பிடுங்க, திரும்ப கூப்பிடாதீங்க. அதே மாதிரி நம்பிக்கை இருந்தா மருந்த நிறுத்துன்னு சொல்ற சாமியாரோ பாஸ்டரோ யாரா இருந்தாலும்.

குணமாகாத நிலைன்னு டாக்டர் சொன்னவங்களுக்கும் இது எல்லாம் பொருந்தும். ஹாஸ்பிஸ்னு, குணமாகாதவங்கள வலி இல்லாம பாத்துக்கிற எடத்தோட பேர, கேட்டாலே நம்ம வீட்டுல கதவ சாத்துறாங்க, கை விட்டுட்டாங்கன்னு அர்த்தம் பண்ணிக்கிறாங்க. 2010ல பாஸ்டன்ல பரவின நுரையீரல் கேன்சர் 151 பேர பாத்தாங்க, சிகிச்சையோட ஆரம்பத்துலயே வலி, மனசு, குடும்பம் எல்லாத்தையும் பாக்கிற பாலியேட்டிவ் டீம சேர்த்துக்கிட்டவங்களுக்கு மனச்சோர்வும் கம்மி, ரெண்டரை மாசத்துக்கு மேலயே கூடுதலா உயிரோட இருந்தாங்க. வலிய பொறுத்துக்கிறதுல புண்ணியம் இல்ல. சீக்கிரமே கூப்பிடுங்க.

கடைசி கீமோ முடிஞ்சு எல்லாரும் கேக் வெட்டி கை தட்டின அடுத்த வாரம்தான் நான் ரொம்ப ஒடைஞ்சேன், இத யாரும் எனக்கு சொல்லி வைக்கல அதனால உங்களுக்கு சொல்லி வைக்கிறேன். அது வரைக்கும் வாரா வாரம் யாராவது ரத்தம் பாத்தாங்க, கேட்டாங்க, திடீர்னு யாரும் இல்ல, முதுகு வலிச்சா அதுவோன்னு பயம், ஸ்கேன் தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே சாப்பாடு எறங்காது. ஸ்கேன் அன்னிக்கு தனியா போகாதீங்க, ரிசல்ட்டுக்கு எத்தனை நாள் ஆகும்னு அங்கேயே கேட்டு எழுதிக்கோங்க, அந்த நாள்கள்ல கைக்கு வேலை வச்சுக்கோங்க, நான் சமோசா பட்டை மடிச்சு ஃப்ரீசர நிரப்பினேன்.

சோர்வு ஒரு வருஷம் கூட இருக்கலாம், பேர் மறந்து போகும், பானைய அடுப்புல வச்சுட்டு மறந்துருவீங்க, அதுவும் மெதுவா தெளியும். ஹார்மோன் மாத்திரைய ரொம்ப பேர் இரண்டாவது வருஷத்துல விட்டுடறாங்க, மூட்டு வலி, ஒடம்பு திடீர் திடீர்னு கொதிக்கும், வியாதியும் இல்ல எதுக்கு மாத்திரைன்னு தோணும். விடாதீங்க, வலிக்குதுன்னா டாக்டர்கிட்ட சொல்லி வேற மாத்திரைக்கு மாத்தலாம். என் மாத்திரை டப்பா சாமி ரூம்ல விளக்குக்கு பக்கத்துல இருக்கு. காலையில திரி போட்டு ஏத்திட்டு, அங்கேயே நின்னு ஒண்ண வாயில போட்டு சொம்புத் தண்ணிய குடிச்சிட்டுத்தான் வெளிய வருவேன்.